ஊசி போடாத கண்

2003 ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்கா எர்மீனியாவுக்கு,

நான் நலம். உன் உடம்பும் என் மகள் கிரிசெல்டாவின் உடம்பும் எப்படி இருக்கின்றன என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

போன வாரம் இந்தச் சிறையில் இருக்கும் சர்க்கரைக்காரர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. ஐம்பது பேரும் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காவலர் ஒருவர் வந்து, "என்னடா, எல்லாரும் சேர்ந்து அழுவுறீங்களா? இன்னிக்குத்தான் புத்தி வந்துச்சா?" என்று கேட்டார்.

பிறகு கண்ணுக்குள்ளே படம் எடுத்தார்கள். என் படத்தில் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள் இருந்தன. "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே டாக்டர்" என்றேன். "தெரியறப்பவே வந்து காட்டணும். தெரியாமப் போனப்புறம் வந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்பாராம்.

உனக்குச் சர்க்கரை வந்து எட்டு வருடம் ஆகிறது அக்கா. ஒருமுறையாவது கண்ணைக் காட்டினாயா?

பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
எவரிஸ்தோ


2003 செப்டம்பர் 9

தம்பி எவரிஸ்தோவுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாய் இருக்கத் தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன். கிரிசெல்டா பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் ஊதுகிறாள். அவள் பழகும்போது பக்கத்து வீட்டு நாய் கூடச் சேர்ந்து பாடுகிறது. இரண்டில் எது நன்றாகப் பாடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். உனக்கு எழுதச் சொன்னால், "எழுதறேன் அத்தை" என்கிறாள். அவள் கோபம் இன்னும் தீரவில்லை. உன் லாரியில் வெங்காய மூட்டைக்கு அடியில் நீ எதைக் கடத்தினாய் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்கிறார்களாம்.

என் கண்ணுக்கு என்ன? அடுத்த மாதம் பழக்கிடங்கு திறக்கிறார்கள். பெல்ட்டில் ஓடுகிற ஆரஞ்சில் குண்டூசித் தலை அளவு கறுப்பு இருந்தாலும் என் கை தானாகப் போய் எடுத்துப் போட்டுவிடும். இருபது வருடமாக மேஸ்திரி என்னைத்தான் பெல்ட்டின் கடைசியில் நிற்கவைக்கிறார்.

அக்டோபர் முதல் ஞாயிறு கோவில் வளாகத்துக்குக் கண் படம் எடுக்கிற வேன் வருகிறதாம். கிரிசெல்டாவின் ஞானத்தாய் பெலென் வீடுவீடாகப் பெயர் எழுதிக்கொண்டு போனாள். நான் பெயர் கொடுக்கவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.
எர்மீனியா


2003 செப்டம்பர் 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. எல்லோரும் சுகம் என்று படித்ததும் அன்றைய சோறு உள்ளே இறங்கியது.

ஏன் என்று எனக்குத் தெரியும். அம்மா. ஊசி போட ஆரம்பித்த இரண்டே மாதத்தில் அவளுக்குக் கண் போனது. அதனால்தான் நம் ஊரில் பாதிப் பேர் இன்சுலின் என்றாலே சிலுவை போட்டுக்கொள்கிறார்கள்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இரண்டு வருடமாக நானும் அந்த ஊசியைத்தான் போட்டுக்கொள்கிறேன். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இதோ, கண்ணாடி இல்லாமல் உனக்கு எழுதுகிறேன். ஊசி கண்ணைக் குடிக்காது அக்கா. பெலெனிடம் உன் பெயரைக் கொடு. படம்தானே எடுக்கிறார்கள், பல்லையா பிடுங்குகிறார்கள்? எனக்காகப் போ.

உன் தம்பி,
எவரிஸ்தோ


2003 அக்டோபர் 26

தம்பிக்கு,

நலம். நீயும் நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். ஊசி விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. சிறையில் வேண்டாம் என்று சொல்ல உனக்கு எங்கே வாய் இருக்கிறது? பிடித்துவைத்துப் போடுகிறார்கள். உன் கண்ணுக்காகத் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறேன்.

நீ கேட்டாய் என்பதற்காக வேனுக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்குக் கிரிசெல்டாவைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம். "மோவாயை இங்க வைங்கம்மா, பச்சை விளக்கையே பாருங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்றாள். படத்தைப் பார்த்ததும் அவள் பேச்சு நின்றுவிட்டது. "கடிதம் வரும்மா, வந்தவுடனே பிரிச்சுப் படிச்சிடுங்க" என்றாள்.

கடிதம் வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை. வீட்டுப் பீடத்தில் மாதா படத்துக்கு அடியில் வைத்திருக்கிறேன். டிசம்பர் பன்னிரண்டு, மாதா திருநாளன்று சான் ஹுவான் கோவிலுக்குப் பதினேழு மைல் நடந்தே போவதாக நேர்ந்துகொண்டேன். வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில். திரும்பி வந்துதான் பிரிப்பேன். அதற்குள் உள்ளே இருக்கிற எழுத்தை மாதா நல்லபடியாக மாற்றிவைப்பாள்.

சிரிக்காதே. அம்மாவுக்கு எப்படி வந்தது என்று பார்த்தவன் நீ. முதலில் கண்ணைப் பார்த்தார்கள், பிறகு ஊசி, பிறகு இருட்டு. நான் அப்போது மிச்சிகனில் செர்ரி பறித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. நான் வந்த அன்றைக்கு மருத்துவமனையில் நர்ஸைப் பார்த்து நீ கத்தினாயே, "ஊசி போட்டு எங்கம்மா கண்ணைக் குடிச்சிட்டீங்களேடி!" என்று. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. நம் வீட்டில் அன்று வாய் திறந்தவன் நீ ஒருத்தன்தான்.

அன்புடன்,
எர்மீனியா


2003 நவம்பர் 9

அக்கா,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தை இன்றைக்கே பிரி. மாதாவுக்கு உறையைப் பிரிக்காமலே படிக்கத் தெரியும். உனக்குத் தெரியாது. நேர்ந்தது நேர்ந்ததாகவே இருக்கட்டும், பிரித்துப் படித்துவிட்டு நட. முப்பது மைல்கூட நட, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் டாக்டர்கள் நல்ல சேதியை அவசரமாக அனுப்புவதில்லை அக்கா. அந்தப் பெண்ணின் பேச்சு நின்றது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

அன்று நான் கத்தியதை மறந்துவிடு. அம்மா விஷயத்தில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதையும் இதோடு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள் நீ பிரித்துவிடு.

எவரிஸ்தோ


2003 டிசம்பர் 21

தம்பிக்குக் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துகள். கைகால் சுகம், மனசும் சுகம்.

நடந்துவிட்டேன். பெலென் கூட வந்தாள். எட்டாவது மைலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "மாதா என்னைத்தான் முதல்ல எடுத்துக்கப் போறா" என்று புலம்பினாள். என் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. வலியே தெரியவில்லை, அதுவும் மாதா அருள்தான்.

திரும்பி வந்து கடிதத்தைப் பிரித்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அடுத்த வருடம் வந்தால் போதுமாம். உனக்கு இப்போது நிம்மதிதானே? இனி அதைப் பற்றி எழுதாதே.

இந்த வருடம் தமாலேக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து, இலையில் வைத்துக் கட்டியது எல்லாம் கிரிசெல்டாதான். நான் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து வேலை ஏவினேன். கிடங்கில் என்னைப் பெல்ட்டிலிருந்து எடுத்துப் பெட்டி மடிக்கும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு உட்கார்ந்து செய்கிற வேலையாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் என்று மேஸ்திரிக்கு யார் சொல்வது? கைக்குத்தான் வேலை, பழகிவிட்டது.

கர்த்தர் உன் பக்கம் இருக்கட்டும்.
எர்மீனியா


2004 ஜனவரி 11

என் அருமை அக்கா,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இந்த அறையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் என் பங்குக் காபியைக் கொடுத்துவிட்டேன். "எங்க அக்கா கண்ணு நல்லா இருக்காம்" என்று சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர், "உங்க அக்கா கண்ணுக்கு எனக்கு எதுக்குய்யா காப்பி? சரி, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

அம்மா விஷயம் என்று எழுதியிருந்தேனே, அதை விடு. பழைய கதை. இப்போது அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்?

என் கண்ணை அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறார்கள். குதிகாலுக்கு மருந்து போடு. கிரிசெல்டாவுக்கு என் முத்தம்.

உன் எவரிஸ்தோ


2004 மார்ச் 14

தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்தது. பதில் போட நேரம் இல்லை.

இங்கே நல்ல வெயில். கிரிசெல்டா இந்தத் தடிப் பேனாவைக் கொடுத்தாள்.

அதிகம் எழுத முடியவில்லை. அலுப்பு.

எர்மீனியா


2004 மார்ச் 28

அக்கா,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. கண்ணில் புள்ளி கூடவில்லை என்றார்கள்.

உன் கடிதம் நான்கு வரிதான் இருந்தது. அதுவே இரண்டு தாளை அடைத்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவு. கடைசி வரி முதல் வரிமேல் ஏறிக் கிடக்கிறது. இருபது வருடம் பெல்ட்டில் நின்றவளை ஏன் பெட்டி மடிக்கப் போட்டார்கள் என்று நான் டிசம்பரிலேயே கேட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அதைப் படித்தும் படிக்காத மாதிரி விட்டுவிட்டேன்.

அந்தக் கடிதத்தை நீ பிரித்தாயா? சத்தியமாகச் சொல்.

கிரிசெல்டா, இதை அத்தைக்கு நீதான் படித்துக் காட்டுகிறாய் என்றால், அப்பாவுக்கு நீயே ஒரு வரி எழுது. என்மேல் உள்ள கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எவரிஸ்தோ


2004 ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வருடத்தில் இதுதான் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். இப்படி ஒரு சேதியோடு எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

அத்தைக்குப் பார்வை போய்விட்டது.

பெரிய வெள்ளியன்று பகலில் கோவிலுக்குப் போக என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "எதுக்குடி ஜன்னலைச் சாத்தறே?" என்று கேட்டாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஒரு கண் டிசம்பரிலேயே மங்கிவிட்டதாம், யாரிடமும் சொல்லவில்லை. உப்புச் சட்டி எங்கே இருக்கிறது, கதவு எத்தனை அடி என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு எங்களை ஏமாற்றியிருக்கிறாள். நானும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு கவனிக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு என்னையே அறையவேண்டும்போல இருக்கிறது.

பெலென் ஞானம்மாவின் காரில் மருத்துவமனைக்கு ஓடினோம். இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிந்து, விழித்திரை கிழிந்துவிட்டதாம். சான் அந்தோனியோவுக்கு அனுப்பி அறுவை சிகிச்சை செய்தார்கள். பலன் இல்லை. இரண்டு கண்ணுக்கும் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று போன திங்கட்கிழமை சொல்லிவிட்டார்கள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மாதா படத்துக்கு அடியில் பார்த்தேன். கடிதம் ஒட்டியபடியே இருந்தது. உங்களுக்கு அவள் எழுதியது பொய். நான் பிரித்தேன். "முப்பது நாளுக்குள் கட்டாயம் வரவும்" என்று தடித்த எழுத்தில், நம் ஸ்பானிய மொழியிலும் போட்டிருந்தது. அக்டோபர் தேதி. அதை டாக்டரிடம் காட்டினேன். "அப்பவே வந்திருந்தா லேசர் வெச்சுக் காப்பாத்தியிருக்கலாம்மா. பார்வை நல்லா இருக்கறப்பவே செய்யற வைத்தியம் அது" என்றார். பிறகு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை அழவில்லை. வருகிற எல்லோரிடமும் ஒன்றையே கேட்கிறாள். "நான் ஒரு ஊசிகூடப் போட்டுக்கலையே. ஒண்ணே ஒண்ணுகூடப் போட்டுக்கலையே. பின்ன எப்படிப் போச்சு?"

பாட்டி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும் என்று நவம்பரில் எழுதினீர்களாம். அது என்ன என்று உங்களைக் கேட்கச் சொல்கிறாள்.

கிரிசெல்டா


2004 மே 9

என் அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. மகள் கிரிசெல்டா இதைப் படித்துக் காட்டுவாள். அவளுக்கும் தெரியட்டும்.

அம்மாவின் கண்ணை ஊசி குடிக்கவில்லை. நான்தான்.

நீ வருடாவருடம் மிச்சிகனுக்குப் போய்வந்த அந்தக் காலத்தில், கண்ணைப் பார்க்க வரச் சொல்லி அம்மாவுக்கு மருத்துவமனையிலிருந்து மூன்று கடிதம் வந்தன. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொன்னேன். லாரி என்னிடம்தான் இருந்தது. முதல் தடவை எனக்கு லோடு இருந்தது. இரண்டாவதை மறந்தே போனேன். மூன்றாவது தடவை அம்மா காலை ஏழு மணிக்கே சாம்பல் நிறக் கவுனைப் போட்டுக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். நான் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரெய்னோசாவில் குடித்துக் கிடந்தேன். நாலு மணிக்கு வந்தேன். அவள் அதே படியில் இருந்தாள். "பரவாயில்லடா. எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. போய்ச் சாப்பிடு" என்றாள்.

அடுத்த வருடம் அவளுக்குக் கண் மங்கிய பிறகுதான் கூட்டிப்போனேன். ரொம்பத் தாமதம் என்றார்கள். சர்க்கரை எகிறிக் கிடந்ததால் அதே வாரம் ஊசி ஆரம்பித்தார்கள். இரண்டு மாதத்தில் மிச்சமிருந்ததும் போனது. அந்த நர்ஸ் எல்லோர் முன்னாலும், "மூணு தடவை கடிதம் போட்டோமே, ஏன் கூட்டிட்டு வரலை?" என்று கேட்க வாயெடுத்தாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் கத்திவிட்டேன். ஊசி போட்டுக் குடித்துவிட்டீர்கள் என்று. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அன்றைக்கு நான் தப்பித்தேன்.

அந்தப் பேச்சுதான் ஊரெல்லாம் போனது. அந்தப் பேச்சைத்தான் நீ இத்தனை வருடம் சாமி வாக்குப் போலக் காப்பாற்றி வைத்திருந்தாய். ஆகஸ்டில் முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் நீ உறையைப் பிரித்திருப்பாய். நவம்பரில் சொல்லியிருந்தாலும் பிரித்திருப்பாய். நீ என்னைக் கெட்டவனாக நினைத்துவிடுவாயே என்று இருந்துவிட்டேன். அதற்கு உன் இரண்டு கண்ணையும் விலையாக வைத்துவிட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. திட்டு. என்னைத் திட்டி எழுதச் சொல்.

எவரிஸ்தோ


2004 மே 30

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தை உடம்பு அப்படியே இருக்கிறது.

கடிதம் வந்திருக்கிறது என்றதும் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை வாரிவிடச் சொன்னாள். "படி, மெதுவாப் படி" என்றாள். நான் முதலில் மனதுக்குள் படித்தேன். "என்னடி, உன் அப்பன் கையெழுத்து அவ்வளவு மோசமா?" என்று சிரித்தாள். கண் போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

நான் படிக்கவில்லை அப்பா. அங்கே மழை பெய்கிறது, நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள், அவளுக்காகச் செபம் செய்கிறீர்கள் என்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவ்வளவுதானா? ஊசி போடாம எப்படிப் போச்சுன்னு அவனுக்கும் தெரியலையாமா?" என்று கேட்டாள்.

"அவருக்கும் தெரியலையாம் அத்தை" என்றேன்.

"பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஒருத்தன்தான் அன்னிக்கு அம்மாவுக்காகப் பேசினான்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. குளிக்கும்போது மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்து, நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள்.

கண் திரும்பி வருமென்றால் அந்த நிமிடமே படித்திருப்பேன். வராது. அவளிடம் மிச்சம் இருப்பது தம்பி நல்லவன் என்கிற ஒன்றுதான். அதையும் பிடுங்க என் நாக்கு எழவில்லை. உங்களுக்காக இதைச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் வெளியே வர இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து, உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அதுவரை எனக்கு எழுத வேண்டாம். அத்தைக்கு எழுதுங்கள். மாதம் ஒன்று தவறக்கூடாது. அங்கே மழை பெய்ததா, என்ன சாப்பிட்டீர்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அவள் சுகமா என்று கேளுங்கள். நான் படித்துக் காட்டுகிறேன்.

கிரிசெல்டா